முதலில் வழி, பிறகு படிவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் வாழும் எங்களுக்குப் பரம்பிக்குளம் சொந்தத் தாலுகாவில் உள்ள இடம். முதலமடைப் பஞ்சாயத்தின் எல்லைக்குள்தான் அந்தப் புலிகள் காப்பகம் இருக்கிறது. ஆனால் வண்டியில் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்து, ஆனப்பாடியில் மறுபடியும் கேரளத்துக்குள் வர வேண்டும். ஆகவே கொழிஞ்சாம்பாறையில் புறப்பட்டுப் பரம்பிக்குளத்தில் முடிகிற ஒரு நாள் பயணம், கேரளத்திலேயே தொடங்கிக் கேரளத்திலேயே முடிந்தாலும், இரண்டு மாநிலங்களின் வாகன விதிகளுக்கும் இரண்டு வனத்துறைகளின் சோதனைச் சாவடிகளுக்கும் உட்பட்டது. எங்கள் ஊர் நூலகத்தின் இளைஞர் அணிப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் ஏற்பாடுகளைப் பார்த்து வருபவள் என்ற முறையில், இப்படிப்பட்ட பயணத்துக்கு எந்தெந்தக் காகிதங்கள் வேண்டும், அவற்றை எந்த வரிசையில் தயார் செய்ய வேண்டும் என்பதை விரிவாக எழுதி வைக்க நினைக்கிறேன். பக்கத்து ஊர்களில் இதே வேலையைப் புதிதாக ஏற்றுக்கொண்ட தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பயண ஏற்பாடு என்றவுடன் பலரும் முதலில் தேடுவது பெற்றோர் ஒப்புதல் படிவத்தைத்தான். யாரோ அனுப்பிய பழைய படிவத்தில் தேதியையும் ஊரையும் மாற்றி, நகலெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். நான் அந்தப் படிவத்தைக் கிட்டத்தட்டக் கடைசியாகவே எழுதுகிறேன். எந்தச் சாலையில், எந்த வண்டியில், எந்த நீர்நிலைக்கு அருகில் தன் பிள்ளை போகப்போகிறது என்பதே முடிவாகாத நிலையில் ஒரு தாயிடம் கையெழுத்து வாங்குவது முறையாகாது. எனவே முதல் காகிதம் வழித்தாள். புறப்படும் இடத்தில் இருந்து திரும்பி வரும் வரை வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேராக நான்கு செய்திகளை எழுதுகிறேன்: அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவர்கள் என்ன கேட்பார்கள், மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எவ்வளவு நேரத் தொலைவில் இருக்கிறது, கைபேசி எடுக்குமா. மற்ற எல்லாக் காகிதங்களும் இந்த ஒரு தாளில் இருந்தே பிறக்கின்றன.

வண்டியைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலான ஏற்பாடுகள் தவறுவது இங்கேதான். தெரிந்தவரிடம் வேன் இருக்கிறது, டீசல் காசு கொடுத்தால் போதும் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழும். வெள்ளை நம்பர் பலகை கொண்ட சொந்த வண்டியைப் பணம் கொடுத்து அமர்த்துவது சட்டப்படி கூடாது. விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓட்டப்பட்டது என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை எதிர்த்து வழக்காடும் வாய்ப்பும் இருக்கிறது. பள்ளிப் பேருந்தை இரவல் வாங்கலாம் என்பது அடுத்த யோசனை. கல்வி நிறுவனப் பேருந்து என்பது அந்த நிறுவனத்தின் மாணவர்களையும் பணியாளர்களையும் அதன் செயல்பாடுகளுக்காக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே உரியது என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுத்திருக்கிறது. நூலகத்தின் பிள்ளைகள் அதே பள்ளியில் படிப்பவர்களாகவே இருந்தாலும், நூலகம் நடத்தும் பயணம் பள்ளியின் செயல்பாடு ஆகாது. ஆகவே மஞ்சள் பலகை வண்டி, அதுவும் மாநில எல்லையைத் தாண்டும் அனுமதி உள்ள வண்டிதான் நமக்கு வேண்டும். அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட்டுக்கான இப்போதைய விதிகள் 2023 மே 1 முதல் நடப்பில் உள்ளன. அந்த பெர்மிட் இல்லாமல் கேரளத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால், அந்தப் பயணத்துக்கென்று சிறப்பு அனுமதியை உரிமையாளர் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். எல்லைச் சாவடிகளான கோவிந்தாபுரத்திலோ வேலந்தாவளத்திலோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமையாளரிடம் நான் வண்டி பேசுவதில்லை.

பெர்மிட், தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை வாங்கி வைப்பதோடு, வண்டி எண்ணை மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு, எந்தச் சான்று எப்போது காலாவதி ஆகிறது என்று நாமே பார்க்க வேண்டும். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். வண்டி பேசும் நாளில் ஒரு முறை, புறப்படும் காலையில் வாசலில் வந்து நிற்கும் வண்டிக்கு ஒரு முறை. பேசிய வண்டி பழுது என்று சொல்லிக் கடைசி நேரத்தில் வேறொன்றை அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது, அப்போது நம் கையில் உள்ள நகல்கள் எல்லாம் வராத வண்டியினுடையவை ஆகிவிடுகின்றன. டூரிஸ்ட் வண்டியில் பயணிகளின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலைப் பெயர், வயது, முகவரியோடு நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால், அதுவே சோதனைச் சாவடிக்கும், வனத்துறைக்கும், குழு விபத்துக் காப்பீட்டுக்கும் பயன்படும்.

வடக்கஞ்சேரி விபத்து எங்கள் மாவட்டத்தில் நடந்தது. 2022 அக்டோபர் 5 அன்று இரவு, எர்ணாகுளம் பகுதியில் இருந்து ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ், முன்னால் சென்ற அரசுப் பேருந்தின் பின்புறம் மோதிக் கவிழ்ந்தது. ஐந்து மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அரசுப் பேருந்தில் இருந்த மூவருமாக 9 பேர் இறந்தார்கள். வேகம் மணிக்கு 97 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது என்றும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்றப்பட்டிருந்தது என்றும் விசாரணையில் வெளிவந்தது. அந்த நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகளின் நினைவு வருகிறது. பள்ளிச் சுற்றுலாக்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலையில் இருக்கக் கூடாது என்ற கேரளப் பொதுக் கல்வித் துறையின் கட்டுப்பாடு நூலகங்களைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தாவிட்டாலும், நாங்கள் அதை எங்களுக்கும் விதியாக வைத்திருக்கிறோம். ஒரு தங்குமிட வாடகையை மிச்சப்படுத்த இரவில் புறப்படலாம் என்று யார் சொன்னாலும், எத்தனை பேர் சொன்னாலும், அது ஏற்கப்படுவதில்லை.

ஓட்டுநரைப் பற்றியும் எழுத்தில் கேட்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 வைத்திருந்த அளவு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு. முந்தைய நாள் இரவு அவர் வேறொரு கல்யாண வண்டி ஓட்டிவிட்டு வந்தாரா என்பதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது. நம் பயணத் திட்டமே எட்டு மணி நேரத்தை மீறினால், இரண்டாவது ஓட்டுநருக்கான கூலியைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

காட்டுக்குள் போவதற்கான அனுமதி இடத்துக்கு இடம் மாறுகிறது. பரம்பிக்குளத்துக்கு முன்பதிவும் அடையாள அட்டையும் தேவை, இருசக்கர வண்டிகளை விடுவதில்லை, பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. நெல்லியாம்பதிக்கு நென்மாறையில் இருந்து போத்துண்டி வனச் சாவடி வழியாகப் போக வேண்டும். ஊட்டி அல்லது கொடைக்கானல் என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆகியிருக்கிறது. அது வண்டி எண்ணோடு பதிவாவதால், மேலே சொன்ன கடைசி நேர வண்டி மாற்றம் அங்கேயும் தொல்லையாக முடியும்.

மலையேற்றம் என்றால் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில், கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலைப் பக்கம் சென்று இறங்கிக் கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுத்தீப் பருவமான பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாட்கள் இந்தப் பருவத்தின் வாலைத் தொட்டுக்கொண்டு வருகின்றன. அனுமதிச் சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறதோ அந்தப் பாதையில் மட்டும், துறை அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் போவது என்பதில் எந்தத் தளர்வும் கூடாது. இந்தக் காட்டில் எனக்குத் தெரியாத வழியா என்று சொல்லும் உள்ளூர் அண்ணன்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழி தெரிவதும் உண்மைதான். ஆனால் தீ எந்தச் சரிவில் ஏறுகிறது, யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்ற அன்றைய செய்தி வனத்துறையின் கையில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில், சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகளை அளவுக்கு மீறி ஏற்றிய படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும் உயிர்காப்பு அங்கி இல்லாததும் பேச்சுக்கு வந்தன, ஒவ்வொரு முறையும் ஆணையம் அமைந்தது. அதனால் எங்கள் வழித்தாளில் படகு என்ற சொல் வந்தாலே தனி ஒரு பக்கம் சேர்கிறது. படகின் பதிவு எண், எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதியிருக்கும் அளவு, நம் பிள்ளைகளின் உடல் அளவுக்குப் பொருந்தும் அங்கிகள் இருக்கின்றனவா என்பது, பொழுது சாய்வதற்குள் கரை திரும்பும் நேரம் ஆகியவை அதில் இருக்கும். அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தால் போதாது, வாரைப் பூட்டி உடம்பில் அணிந்த பிறகே படகு நகர வேண்டும். ஒரு பிள்ளைக்கு அங்கி இல்லை என்றாலும் முழுக் குழுவும் ஏறாது என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே படகுக்காரரிடம் சொல்லிவிடுகிறோம்.

படகு மட்டும் அல்ல. எங்கள் ஊரின் சித்தூர்ப் புழையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் இதில் வருகிறது, மேலே மழை பெய்தாலோ மூலத்தரைத் தடுப்பணையில் மதகு திறந்தாலோ, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே நீர்மட்டம் ஏறிவிடும். 2024 ஜூலையில் புழையின் நடுவில் பாறையில் சிக்கிக்கொண்ட நான்கு பேரைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டதைக் கரையில் இருந்து பலர் பார்த்தார்கள். ஆகவே ஆற்றில் இறங்குவது திட்டத்தில் இல்லை என்றால் இறங்குவதே இல்லை. தேங்கிய குளத்து நீரிலும் பிள்ளைகளை விடுவதில்லை. மூளையைத் தாக்கும் அமீபா நோய் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பலரைத் தாக்கியிருக்கும் நிலையில், மூக்கில் நீர் ஏறும்படி குதித்து விளையாடுவதைத் தடுப்பது நம் கடமை.

வானிலைக்கு ஒரே விதிதான். வழியில் உள்ள எந்த மாவட்டத்துக்காவது முந்தைய நாள் மாலையில் ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பயணம் தள்ளிப் போகும். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக் கூடும் என்று பொருள், அது மலைச்சாலையில் மண் சரியப் போதுமான மழை. பாலக்காட்டுக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. தேதி மாறினால் முன்பணம் திரும்ப வருமா என்பதை வண்டிக்காரரிடமும் தங்குமிடத்திலும் எழுதி வாங்கிக்கொண்டால், மழையில் புறப்படச் சொல்லும் நெருக்குதல் பாதி குறைந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே பெற்றோருக்கான கடிதம். அதில் வழித்தாளின் சுருக்கமும், வண்டி எண்ணும், உடன் வரும் பெரியவர்களின் பெயரும், நீர்நிலை, காடு, மலைப்பாதை ஆகியவை எங்கெங்கே வருகின்றன என்பதும் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் தமிழ் மட்டும் படிக்கும் வீடுகளும் மலையாளம் மட்டும் படிக்கும் வீடுகளும் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டிலும் அச்சிட்டு, எது வேண்டுமோ அதைக் கொடுக்கிறோம். படிக்க இயலாதவர்களுக்கு வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டுகிறோம். அப்படி ஒரு வீட்டில் ஒரு தாய் கேட்டார்: “ஏனுங்க அக்கா, இதுல கையெழுத்துப் போட்டுட்டா, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நாங்க ஒண்ணும் கேட்க முடியாதுங்களா?” அவர் அதற்கு முன் வேறெங்கோ பார்த்த படிவத்தில், எது நேர்ந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல என்ற வரி இருந்திருக்கிறது. அந்த வரியை நான் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. நம் கவனக்குறைவால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், அப்படி எழுதி வாங்கியது சட்டத்தின் முன் கவசம் ஆகாது; அதைவிட, பிள்ளையை நம்பி அனுப்பும் வீட்டிடம் அப்படி எழுதி வாங்குவது தகாது. பெற்றோர் தருவது போகலாம் என்ற அனுமதியும், அவசரத்தில் அருகில் உள்ள மருத்துவமனையில் சேர்த்து முதல் சிகிச்சை தொடங்கலாம் என்ற ஒப்புதலும் மட்டுமே. கையெழுத்தைப் பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்கிறதோ அவரிடம் வாங்க வேண்டும். அப்பா திருப்பூரில் வேலை, அம்மா வளைகுடாவில் என்று இருக்கும் வீடுகளில் பாட்டியின் கையெழுத்தோடு, பெற்றோரில் ஒருவரிடம் தொலைபேசியிலும் பேசி, பேசிய நாளைக் குறித்துக்கொள்கிறோம். இரவில் கட்டாயம் எடுக்கும் ஓர் எண்ணையும் தனியே கேட்டு வாங்குகிறோம்.

உடல்நலக் குறிப்பு அந்தக் கடிதத்தோடு சேராமல் மூடிய உறையில் தனியாக வர வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து, நீந்தத் தெரியுமா என்ற கேள்விகள் போதும். மாதவிடாய் பற்றியோ படுக்கையில் சிறுநீர் கழிப்பது பற்றியோ சொல்ல விரும்பினால், அதை யாரிடம் தனியாகச் சொல்லலாம் என்று ஓர் அக்காவின் பெயரைக் குறிப்பிட்டால், பிள்ளைகள் தயங்காமல் வருகிறார்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும், முதலுதவிப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்று பயணத்துக்கு முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டு வழித்தாளில் எழுதுகிறோம். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேராக அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் அனைவருக்கும் செய்து காட்டிவிடுகிறோம்.

உடன் வரும் பெரியவர்கள் விஷயத்தில் முகத்தாட்சண்யம் பார்க்கக் கூடாது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், பெண் பிள்ளைகள் இருந்தால் குறைந்தது இரண்டு பெண்கள் என்பது எங்கள் கணக்கு. கேரளத்தில் இருப்பவர்கள் காவல் துறையின் துணா என்ற இணையதளம் வழியாகக் குற்ற வழக்குகளில் தொடர்பில்லை என்ற சான்று பெறலாம், அதை எல்லோரிடமும், நூலகத்தின் மூத்த நிர்வாகிகளிடமும்கூட, கேட்கிறோம். போக்சோ சட்டம் 2012-இன்படி, 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவந்த எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. இதைப் பயணத்துக்கு முந்தைய கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லி, எல்லாப் பெரியவர்களிடமும் கையொப்பம் வாங்குகிறோம்.

காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். ஒரு தொகுப்பு வண்டியில் பொறுப்பாளரிடமும், இரண்டாவது தொகுப்பு மற்றொரு பெரியவரிடமும், மூன்றாவது ஊரில் தொலைபேசிக்கு அருகில் இருக்கும் ஒருவரிடமும் இருக்க வேண்டும். டாப்சிலிப்பைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் கைபேசி எடுக்காது என்பதால், மொபைலில் மட்டும் வைத்திருக்கும் பட்டியல் அங்கே உதவாது. எத்தனை மணிக்குள் வண்டி சேத்துமடைக்குத் திரும்பி அழைக்க வேண்டும், அழைப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து ஊரில் இருப்பவர் வனத்துறைச் சாவடியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் வழித்தாளிலேயே எழுதப்பட்டிருக்கும். 112, 108 ஆகிய எண்கள் இரண்டு மாநிலங்களிலும் உண்டு. ஆனால் எல்லையில் நம் கைபேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அழைத்தவுடன் முதல் வாக்கியத்திலேயே மாவட்டத்தின் பெயரையும் இடத்தின் பெயரையும் சொல்லும்படி பிள்ளைகளுக்கும் பழக்குகிறோம்.

திரும்பி வந்த மறுநாள் உடல்நலக் குறிப்புகளை அந்தந்த வீட்டிடமே கொடுத்துவிடுகிறோம், நகல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பெயர்ப் பட்டியலும் ஒப்புதல் கடிதங்களும் நூலகத்தின் கோப்பில் இருக்கும். வழித்தாளில், எந்தச் சாவடியில் என்ன கேட்டார்கள், எந்த மருத்துவமனை வாசல் இரவில் பூட்டியிருந்தது, எந்த இடத்தில் பிள்ளைகள் களைத்தார்கள் என்று பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்து யார் அதே வழியில் போகிறார்களோ அவர்களிடம் அந்தத் தாளையே கொடுக்கிறோம். இப்போது எங்களிடம் பரம்பிக்குளத்துக்கும் நெல்லியாம்பதிக்கும் உள்ள தாள்களைக் கேட்டு வாங்கிப் போகலாம், ஊட்டிக்கானதை இ-பாஸ் விவரங்களோடு புதிதாக எழுதிக் கொண்டிருக்கிறேன்.